ஒப்புக்குச் சப்பாணியும் அழுகுணி ஆட்டமும்

சென்ற கோடை விடுமுறையில் நம் காலனி வீடொன்றில் ஒரு சிறு வழக்கு எழுந்தது. வழக்காடியோர் இருவரும் சிறுவர். அண்ணனுக்கு 14 வயது, தம்பிக்கு 10. வழக்குக்குக் காரணமானவர் அவர்களுடைய பாட்டனார். தொலைக்காட்சித் திரையில் ஆடும் கால்பந்து வீடியோ விளையாட்டைத் தம்பி அவருக்குக் கற்பித்துக்கொண்டிருந்தான். பெரியவரின் விரல்கள் கைக்கருவியின் பொத்தான்களைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் இயந்திரத்தின் அணி மூன்று கோல்கள் போட்டுவிட்டது. தம்பி மனம் பொறுக்காமல் ஆட்டத்தை நிறுத்தி, 'செட்டிங்ஸ்' என்னும் பகுதிக்குள் புகுந்து, இயந்திரத்து ஆட்டக்காரர்களின் ஓட்டத்தைக் குறைத்தான். பாட்டனார் அணியின் கோல்காப்பாளருக்கு வலிமையைக் கூட்டினான். அருகில் தன் முறைக்காகக் காத்திருந்த அண்ணன், "கள்ளக்களி! கள்ளக்களி!" என்று கூவினான். கொச்சியில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்குக் கோபம் வரும்போது மலையாளமே முந்திக்கொள்ளும் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. பாட்டனாரோ சிரித்துக்கொண்டு, "கள்ளக்களி ஒன்றும் இல்லையடா, நான் இங்கே ஒப்புக்குச் சப்பாணி" என்றார்.

அந்தச் சொல்லின் பொருள் பேரர் இருவருக்கும் விளங்கவில்லை. அதை விளக்கப் புகுந்த இடத்தில்தான் இக்கட்டுரை பிறந்தது. ஆட்டத்தின் கடினத்தை ஆடுவோருக்கு ஏற்பக் கூட்டுவதும் குறைப்பதும் இயந்திரம் கொண்டுவந்த புதுமையா, அன்றி நம் முற்றங்களில் முன்பே இருந்ததா என்பதே நாம் ஈண்டு ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

ஓடிப் பிடித்தல், கண்ணாமூச்சி முதலிய ஆட்டங்களைப் பெரிய பிள்ளைகள் ஆடும்போது, மூன்று நான்கு வயதுக் குழந்தை ஒன்று தானும் ஆட வேண்டும் என்று அழும். விலக்கினால் அம்மாவிடம் செய்தி போகும். சேர்த்துக்கொண்டால் ஆட்டம் கெடும். இவ்விரண்டுக்கும் நடுவே நம் முன்னோரின் பிள்ளைகள் கண்ட வழியே ஒப்புக்குச் சப்பாணி. குழந்தை ஆட்டத்தில் இருக்கும். ஓடும், ஒளியும், கூச்சலிடும். ஆனால் அதைத் தொட்டாலும் அது ஆட்டமிழக்காது. குழந்தை கைகொட்டி ஆடும் பருவத்தைப் பிள்ளைத்தமிழ் நூல்கள் சப்பாணிப் பருவம் என்னும். நடக்கமாட்டாதவனையும் சப்பாணி என்பது வழக்கு. இரண்டில் எதைக் கொண்டாலும் இவ்விடத்துக்குப் பொருந்தும். இங்கே கருதத் தக்கது ஒன்று உண்டு. சலுகை பெறுவது அந்தக் குழந்தை மட்டுமே. மற்றவர்களுக்கு விதி விதியாகவே நிற்கும். இன்னார்க்குச் சலுகை உண்டு என்பது ஆட்டம் தொடங்குமுன்பே எல்லாருக்கும் தெரியும். எவருக்கும் தெரியாமல் ஒருவன் தனக்குத்தானே சலுகை எடுத்துக்கொண்டால் அதற்கு வேறு பெயர். அதுவே அழுகுணி ஆட்டம்.

மட்டாஞ்சேரியில் குடியேறிய தமிழர் ஒரே ஊரார் அல்லர். நெல்லைச் சீமையார் உண்டு, தஞ்சையார் உண்டு, மதுரையார், கோவையார், பாலக்காட்டு அக்கிரகாரங்களிலிருந்து இறங்கி வந்தோர் என்று பலர் உண்டு. கடைத்தெருவில் மிளகும் சுக்கும் ஏலமும் மணக்கும் வாணிபத்தை நம்பி வந்தவர் சிலர். அலுவல் பற்றி வந்தவர் சிலர். கோட்டைக் கொச்சியின் வெளிப் பகுதியில் தலைமுறை தலைமுறையாகச் சலவைத் தொழில் புரிந்துவரும் வண்ணார் பெருமக்கள் நம்மில் பலருக்கும் முன்பே இங்கு வந்தவர்கள். இத்தகையோர் ஒரு தாயக் கட்டத்தைச் சுற்றி அமர்ந்தால் முதலில் உருளுவது கட்டை அன்று, வாதம். காய் கட்டத்தில் இறங்குவதற்குத் தாயம் விழுந்தே ஆக வேண்டுமா? எதிரியின் காயை ஒரு முறையேனும் வெட்டியவர்தாம் உட்கட்டத்துக்குள் புகலாமா, வெட்டாதவரும் புகலாமா? மலையில் இருக்கும் காயை வெட்டலாகாது என்பதில் எல்லா ஊரும் ஒன்றுபடும். மற்றவற்றில் ஊருக்கு ஒரு விதி, சில போது வீட்டுக்கு ஒரு விதி. வெட்டு வேண்டும் என்று வைத்தால் ஆட்டம் நீளும், பகையும் வளரும். வேண்டா என்று வைத்தால் விளக்கு வைப்பதற்குள் முடியும். ஆகவே, நேரம் எவ்வளவு இருக்கிறது, ஆடுவோர் யார் யார் என்று பார்த்து விதியை வகுத்துக்கொள்வார்கள்.

பல்லாங்குழியும் இவ்வாறே. குழிகள் 14 என்பது பொது; குழிக்கு 5 முத்தா, 6 முத்தா, 12 முத்தா என்பது வீட்டின் வழக்கம். தோற்றுத் தோற்றுக் கையில் சில முத்துகளே எஞ்சியவர், குழிக்கு ஒன்றாக இட்டு ஆட்டத்தைத் தொடர்வதைக் கஞ்சி காய்ச்சுதல் என்று சொல்லும் வீடுகள் உண்டு. ஏழைக்கு இடம் விட்ட அந்தப் பெயரில் எவ்வளவு வாழ்க்கை அடங்கிக் கிடக்கிறது!

தெருக் கிரிக்கெட்டைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? மட்டாஞ்சேரியின் ஒடுங்கிய சந்துகளில் இலண்டனின் சட்டப் புத்தகம் செல்லாது. அடுத்த வீட்டுக்குள் பந்து விழுந்தால் அடித்தவர் அவுட். சுவரில் பட்டால் இத்தனை ஓட்டம். ஒரு தரம் தரையில் பட்டு எழுந்த பந்தை ஒற்றைக் கையால் பிடித்தாலும் அவுட். ஆள் ஒற்றைப்படையாக இருந்தால் ஒருவன் இரு அணிக்கும் பொது. சிறியவனுக்கு முதற் பந்து 'டிரையல்'. இவற்றை எழுதி வைத்தவர் எவரும் இல்லர். எனினும் ஒரு தெருவின் பிள்ளைகள் அனைவருக்கும் இவை மனப்பாடம்.

பிள்ளைகளின் ஆட்டம் என்று இதனை ஒதுக்கிவிடலாகாது. சடுகுடு ஆட்டத்துக்கே ஒரு காலத்தில் மூன்று வகை விதிகள் வழங்கின. ஆட்டமிழந்தவன், எதிரணியில் ஒருவன் ஆட்டமிழந்ததும் உயிர்பெற்று மீள்வது சஞ்சீவனி. அணி முழுவதும் ஆட்டமிழக்கும்வரை வெளியே காத்திருப்பது காமினி. வெளியே போகாமலே ஆடிக்கொண்டிருக்க, எதிரணிக்குப் புள்ளி மட்டும் சேர்வது அமர். 1950-இல் அகில இந்தியக் கபடிச் சம்மேளனம் அமைந்தது. 1952-இல் ஆடவருக்கான தேசியப் போட்டி சென்னையில் முதன்முதல் நடைபெற்றது. இன்று உலகம் காணும் கபடியில் சஞ்சீவனியின் முறையே நிலைத்துவிட்டது. மற்ற இரண்டும் பின்தங்கின.

சதுரங்கத்தின் கதையும் அன்னதே. நம் நாட்டு முறையில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டமே நகரும். அரசன் ஒரே ஒரு முறை குதிரைபோல் தாவலாம். இம்முறையில் பயின்ற மீர் சுல்தான் கான் 1929-இல் இலண்டன் சென்று, ஐரோப்பிய விதியைக் கற்றுக்கொண்டு, அவ்வாண்டிலும் 1932, 1933 ஆகிய ஆண்டுகளிலும் பிரிட்டிஷ் பட்டத்தை வென்றார். நாட்டு முறையிலிருந்து நம்மவர் அனைத்துலக விதிக்கு மாறத் துணைநின்றோருள் தமிழரான மானுவேல் ஆரோன் முதன்மையானவர். 1961-இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனவரும் அவரே. விதி ஒன்றானதால் நாம் உலகத்தோடு ஆட முடிந்தது. ஆயினும் பொது விதி வேரூன்றிய மேனாட்டிலுங்கூட வலியவர் மெலியவருக்குக் காய் விட்டுக்கொடுத்து ஆடும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டில் பெரிதும் இருந்தது. அமெரிக்கரான பால் மார்ஃபி தம் யானையையோ குதிரையையோ பலகையிலிருந்து முன்னரே எடுத்து வைத்துவிட்டு ஆடிய ஆட்டங்கள் பல. அதனை எவரும் இழிவாகக் கருதவில்லை.

இனி இயந்திரத்துக்கு வருவோம். திரையில் ஆடும் விளையாட்டின் வரலாற்றைத் தேடிச் சென்றால், தொடக்கத்திலேயே நமக்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. 1958 அக்டோபரில், நியூயார்க் மாநிலத்து லாங் தீவில் உள்ள புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில், பார்வையாளர் சலிப்படையாதிருக்கும் பொருட்டு வில்லியம் ஹிகின்பாதம் என்னும் இயற்பியலறிஞர் ஒரு டென்னிஸ் ஆட்டத்தை அமைத்தார். போர்க் காலத்தில் அணுகுண்டுத் திட்டத்தில் பணியாற்றி, பின்னர் அணு ஆயுதக் கட்டுப்பாட்டுக்காகக் குரல் கொடுத்தவர் அவர். ஐந்து அங்குல அலைகாட்டித் திரையில் ஓர் ஒளிப்புள்ளி வலையைத் தாண்டிப் பாயும். ஆடுவோர் இருவரும் ஒரு குமிழைத் திருகிக் கோணத்தை அமைத்து, பொத்தானை அழுத்திப் பந்தை அடிப்பர். மக்கள் வரிசையில் நின்று ஆடினர். மறு ஆண்டில் அதே ஆட்டம் பெரிய திரையோடு திரும்பி வந்தபோது ஒரு புதுமையும் உடன் வந்தது: பந்தை இழுக்கும் ஈர்ப்பு விசையை மாற்றலாம்! நிலவின் ஈர்ப்பில் ஆடலாம். வியாழனின் ஈர்ப்பிலும் ஆடலாம். திரை விளையாட்டின் குழந்தைப் பருவத்திலேயே 'செட்டிங்ஸ்' தோன்றிவிட்டது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1972-இல் ரால்ஃப் பேர் என்பார் உருவாக்கிய 'ஆடிசி' என்னும் கருவியை மேக்னவாக்ஸ் நிறுவனம் கடைக்குக் கொண்டுவந்தது. வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் முதற் கருவி இதுவே. பந்தின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் அதில் ஒரு குமிழ் இருந்தது. அக்கருவிக்குப் புள்ளிக் கணக்கு வைக்கத் தெரியாது, ஓசையும் இல்லை. யார் வென்றார் என்பதை ஆடுவோரே எண்ணிக்கொள்ள வேண்டும். வேகம் எவ்வளவு, கணக்கு எவ்வளவு என்பன எல்லாம் அமர்ந்திருந்த இருவரின் உடன்பாட்டில் நின்றன. நம் தாயக் கட்டத்துக்கு மிக அணித்தாக வந்த இயந்திரம் இதுவே என்பது நம் கருத்து.

அதே ஆண்டில் அட்டாரி நிறுவனத்தின் 'பாங்' என்னும் மேசைப் பந்தாட்டம் வந்தது. அதனைக் கட்டியவர் ஆலன் அல்கார்ன். மட்டைகள் திரையின் உச்சிவரை செல்லாத குறை ஒன்று அதில் இருந்தது. குறையை நீக்கினால் வல்லவர் இருவர் முடிவின்றி ஆடிக்கொண்டே இருப்பர் என்று கண்டு, அதனை அப்படியே விட்டுவிட்டனர். ஆட்டம் 11 புள்ளியில் முடிய வேண்டுமா, 15 புள்ளியில் முடிய வேண்டுமா என்பதை மாற்றும் விசை ஒன்றும் இருந்தது. ஆனால் அவ்விசை பெட்டிக்குள்ளே இருந்தது. பெட்டியின் திறவுகோல் கடைக்காரரிடம் இருந்தது. காசு போட்டு ஆடுகிறவருக்கு அதில் உரிமை இல்லை. பின்னர் வந்த நாணய இயந்திரங்களிலும் சிறு விசைகளின் வரிசை ஒன்று உள்ளே மறைந்திருந்தது. எத்தனை உயிர் கொடுப்பது, எவ்வளவு கடினமாக்குவது என்று அதன்மூலம் கடைக்காரர் முடிவு செய்தார். கடினம் மிகுந்தால் ஆட்டம் விரைவில் முடியும். விரைவில் முடிந்தால் அடுத்த காசு விழும். ஒப்புக்குச் சப்பாணியின் நோக்கத்துக்கு நேர்மாறான நோக்கம் விளையாட்டுக்குள் புகுந்த இடம் இது.

இந்நிலை 1977-இல் சற்றே மாறியது. அட்டாரியின் வீட்டுக் கருவி அவ்வாண்டில் வெளிவந்தபோது, அதன் முகப்பிலேயே இரண்டு கடினநிலை விசைகள் இருந்தன: இடப்பக்கத்து ஆட்டக்காரருக்கு ஒன்று, வலப்பக்கத்து ஆட்டக்காரருக்கு ஒன்று. தேர்ந்தவர் தம் விசையை 'ஏ' என்னும் நிலையில் வைத்துக்கொள்வார். புதியவர் 'பி'யில் வைத்துக்கொள்வார். ஒரே ஆட்டத்தில், ஒரே திரையில், தந்தைக்கு ஒரு விதி, மகனுக்கு ஒரு விதி. அதுவும் இருவர் கண்ணெதிரே, கூடத்தின் நடுவே. நம் தெருப் பிள்ளைகள் வாயால் செய்ததை ஒரு விசை செய்தது. 1980-இல் வந்த மறு பதிப்பில் அவ்விசைகளைக் கருவியின் பின்புறத்துக்குத் தள்ளிவிட்டார்கள். நமக்கு அது சிறிது வருத்தமே.

1990-களில் ஆட்டங்கள் பெருகின. கூடவே மறைவும் பெருகியது. 1993-இல் மிட்வே நிறுவனம் வெளியிட்ட 'என்.பி.ஏ. ஜாம்' என்னும் கூடைப்பந்து ஆட்டத்தில், பின்தங்கிய அணிக்கு இயந்திரமே கைகொடுக்கும் ஏற்பாடு இருந்தது. வீட்டுப் பதிப்புகளில் அதனை வேண்டுவோர் வைத்துக்கொள்ளலாம், வேண்டாதோர் நீக்கிவிடலாம். அது நேர்மை. ஆனால் அதனை வடித்த மார்க் டர்மெல் டெட்ராய்ட் அணியின் அன்பர். டெட்ராய்ட்டோடு நெருங்கிய ஆட்டமாக இருந்தால் சிகாகோ அணி கடைசி நொடியில் எறியும் பந்துகள் தவறிப்போகுமாறு இரகசியமாக எழுதிவைத்ததைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். நம் பாட்டிமார் இதைக் கேட்டால் என்ன பெயர் வைப்பார்கள் என்பது வாசகர்க்குத் தெரியும்.

'ஸ்லைடர்' என்னும் நகர்த்துகட்டை வந்த பிறகு மாற்றங்கள் நுட்பமாயின. நம் வழக்குக்குக் காரணமான கால்பந்து ஆட்டம் போன்றவற்றில் ஓட்ட வேகம், தட்டும் பந்து பிழைக்கும் அளவு, கோல்காப்பாளரின் திறமை, காயம் படும் வாய்ப்பு எனப் பலவும் 0 முதல் 100 வரை தனித்தனியே நகரும். 50 என்பது நடுநிலை. ஆடுவோருக்கு ஒரு வரிசை, இயந்திரத்துக்கு ஒரு வரிசை. 45 நிமிடப் பாதியை 4 நிமிடமாகச் சுருக்கவும் இடமுண்டு. கிரிக்கெட்டில் 2006-இல் வந்த 'கிரிக்கெட் 07' நம் நாட்டு இளைஞரிடையே நெடுங்காலம் நிலைத்தது. பின்னர்ச் சென்னையிலிருந்தே ஒரு நிறுவனம், நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா என்பது, 'வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப்' என்னும் வரிசையைக் கைப்பேசிகளுக்கு ஆக்கித் தந்தது. எத்தனை ஓவர், எவ்வளவு கடினம் என்று தேர்ந்துகொண்டு நம் பிள்ளைகள் பேருந்திலும் படகுத்துறையிலும் ஆடுவது தமிழ்நாட்டுக் கைவண்ணம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

மறைவைப் பற்றிய ஐயம் இன்றும் தீர்ந்தபாடில்லை. ஆடுவோர் அறியாமல் ஆட்டத்தின் கடினத்தை இயந்திரமே மாற்றுகிறது என்று குற்றஞ்சாட்டி, 2020-இல் கலிபோர்னியாவில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் மீது சிலர் வழக்குத் தொடுத்தனர். தம் கால்பந்து ஆட்டத்தில் அத்தகைய நுட்பத்தைப் பயன்படுத்தவில்லை என்று நிறுவனம் மறுத்தது. மறு ஆண்டில் வழக்குத் தொடுத்தோரே அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். வழக்கு முடிந்தது. ஆயினும் மக்கள் நீதிமன்றம்வரை சென்றது கடினத்தைக் குறித்து அன்று, தெரியாமை குறித்தே என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

மெய்யான ஆடுகளங்கள் மட்டும் மாறாமலா இருக்கின்றன? இங்கிலாந்தில் ஓர் ஓவருக்கு 4 பந்து என்றிருந்தது 5 ஆகி, 1900-இல் 6 ஆயிற்று. ஆஸ்திரேலியாவில் நெடுங்காலம் 8 பந்து. கபில்தேவ் 1983-இல் கோப்பை வென்றது 60 ஓவர் ஆட்டத்தில். 1987-இல் அது 50 ஆயிற்று. மேசைப் பந்தாட்டம் 2001-இல் 21 புள்ளியிலிருந்து 11-க்கு இறங்கியது. மழை குறுக்கிட்டால் இலக்கை எவ்வாறு திருத்துவது என்பதற்கு நம் அண்டை மாவட்டமாகிய திருச்சூரைச் சேர்ந்த பொறியாளர் வி. ஜெயதேவன் வகுத்த கணக்கு, இந்திய உள்நாட்டுப் போட்டிகளில் கையாளப்பட்டிருக்கிறது. இவையனைத்தும் ஆட்டத்துக்கு முன் அச்சிட்டுக் கையில் கொடுக்கப்படும் விதிகள்.

நம் சிறுவர் வழக்குக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டுமல்லவா? அண்ணனின் மனக்குறையும் நியாயமானதே. பல வாரம் முயன்று, கடினமான நிலையில் அவன் வென்ற கோப்பை அதே பட்டியலில் இருக்கிறது. எளிதாக்கிய ஆட்டத்தின் வெற்றி அதன் பக்கத்தில் வந்து அமர்வதை அவன் பொறுக்கவில்லை. பாட்டனார் ஆடுவதை அவன் தடுக்கவில்லை. கணக்கில் சேர்ப்பதையே தடுத்தான். ஒப்புக்குச் சப்பாணியின் விதியும் அதுவேயன்றோ! குழந்தை ஆடும், கணக்கில் வராது. அவ்வாறே முடிவாயிற்று. தம்பி, பட்டியலில் சேராத 'நட்பு ஆட்டம்' என்னும் பகுதிக்குச் சென்று அதே அமைப்பை அங்கே வைத்துக் கொடுத்தான். பாட்டனார் அப்போதும் தோற்றார். ஆனால் இரண்டு கோல்கள் போட்டார். இரண்டாவது கோலுக்கு அண்ணனே எழுந்து நின்று கைதட்டியதை நாம் கண்டோம்.

அன்று மாலை அதே கூடத்தில் தாயக் கட்டம் வரையப்பட்டது. வெட்டாமல் உள்ளே புகலாம் என்றார் பாட்டனார். கூடவே கூடாது என்றார் பக்கத்து வீட்டு நெல்லை அம்மாள். பேரர்கள், "எது சரி? எங்கே எழுதியிருக்கிறது?" என்று கேட்டனர். பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். இயந்திரம் தன் விதிகளையெல்லாம் ஒரு பட்டியலாக்கி வைத்திருக்கிறது. பொத்தானை அழுத்தினால் காட்டும். நம்முடைய விதிகளோ எழுபது எண்பது வயது கடந்தோர் சிலரின் நாவில் மட்டுமே இருக்கின்றன. சொந்த ஊரை விட்டு வந்தபோது பெட்டியில் வைத்துக் கொண்டுவர முடியாமல், நினைவில் வைத்துக் கொண்டுவந்தவை அவை. சொல்லுவோர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகின்றனர் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆதலின் நம் காலனிக் குடும்பங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். உங்கள் வீட்டில் தாயம் எவ்விதிப்படி ஆடப்பட்டது, உட்கட்டம் புக வெட்டு வேண்டுமா வேண்டாவா, எந்தெந்த எண்ணுக்கு மறு ஆட்டம் உண்டு, பல்லாங்குழியில் குழிக்கு எத்தனை முத்து, தோற்றவருக்கு என்ன சலுகை என்பவற்றை ஒரு தாளில் எழுதி, உங்கள் பூர்விக ஊரின் பெயரையும் சேர்த்துச் சங்கத்தில் கொடுங்கள். எழுத இயலாத முதியோர் சொல்ல, பேரப்பிள்ளைகள் எழுதட்டும். ஆடுபுலி ஆட்டம் ஆடிய வீடுகள் புலி மூன்றுக்கு ஆடு எத்தனை என்பதையும் மறவாமல் குறிக்க வேண்டுகிறோம். அதிலும் இரண்டு கட்சி இருப்பதாகச் சென்ற கூட்டத்திலேயே தெரிந்துவிட்டது.